வேகாத பருப்பு

மீரான் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கிடாக்கொம்பே வெந்திருக்கிறது. பக்ரீத்துக்கு மறுநாள் தலைக்கறிச் சட்டிக்குள் ஒரு கொம்பு தவறிப்போய் விழுந்துவிட்டது. இறக்கி வைத்துக் கரண்டியை விட்டால், அவித்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி பிளந்துகொண்டு வருகிறது. பல்லே இல்லாத பெரியவர் ஒருவர் அதை இடியாப்பத்தோடு பிசைந்து தின்றுவிட்டு, இன்னொரு கொம்பு இருக்கிறதா என்று கேட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த கொம்பு எனக்குத்தான் வருவதாக இருந்தது.

நம்ப மாட்டீர்கள். மின்சார வாரியத்தில் வீடு வீடாக ரீடிங் எடுத்து ரிட்டயர் ஆனவன் நான். மீட்டர் பெட்டிக்கு அடியில் நின்றே எந்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது, உப்பு போட்டாயிற்றா இல்லையா என்று மோந்து சொல்லிவிடுவேன். அதையும் யாரும் நம்புவதில்லை. போகட்டும், கொம்பு வெந்ததை நம்பாதீர்கள். ஆனால் தொண்ணூற்றாறாம் வருஷம் அதே தண்ணீரில் துவரம்பருப்பு வேகாமல் போனது. அதை நம்பித்தான் ஆக வேண்டும். சந்தே நம்பியது. மாட்டேன் என்று நின்றவன் மீரான் ஒருவன்தான். அத்தனைக்கும் அடுப்பு அவனுடையது, பிள்ளையும் அவனுடையது.

திண்டுக்கல்லில் பேகம்பூர் முடிகிற இடத்தில், வீடுகள் களைத்துப்போய் முள்ளுக்காட்டுக்குள் இறங்குகிற சந்து எங்களுடையது. முனிசிபாலிட்டித் தண்ணீர் எப்போது வரும் என்று திறந்து விடுகிறவனுக்கே தெரியாது. குழாய் காற்று விட்டால் போதும், தாலி கட்டப் போன மாப்பிள்ளைகூட மாலையைக் கழற்றாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான். மலைக்கோட்டைப் பாறை பகல் முழுக்கக் காய்ந்து, பொழுது சாயும்போது அந்தச் சூட்டையெல்லாம் ஊருக்குள் ஊதிவிடும். சந்தில் மற்ற வீட்டுக் கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான், புழங்க மட்டும் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில், மீரான் வீட்டுக் கொல்லையில், எந்தக் கோடைக்கும் அசையாத நல்ல தண்ணீர்க் கிணறு. அவனுடைய அத்தா காலத்தில் வெட்டியது. பிரியாணி மாஸ்டர்கள் டிரம்மோடு வந்து நிற்பார்கள். என் வீட்டுக்காரி ஆரோக்கியம்மாளும் காலை ஜெபம் முடிந்ததும் குடத்தோடு அங்கேதான் போவாள். காப்பிக்கும் பருப்புக்கும் வேறு தண்ணீர் ஆகாது எங்களுக்கு.

மீரானின் மனைவி நர்கீஸ் குஜிலியம்பாறைப் பக்கத்துப் பெண். மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியது என்கிற ஊர். அங்கே பிறந்தவர்களுக்கு உணவு விளையாட்டில்லை. அவள் சமையலில் ஆடம்பரம் கிடையாது. காலையில் கேப்பைக் கூழோ இட்லியோ. மத்தியானம் குழைய வேகவைத்த பருப்பு, ஒரு கீரை, ஏதாவது ஒரு காய் வெஞ்சனம். ஒட்டன்சத்திரம் சந்தையில் எது மலிந்து கிடக்கிறதோ அதுதான் அந்த வாரத்துக்குக் காய். சாயங்காலம் அவித்த தட்டாம்பயறு. அவ்வளவுதான். ஆனால் அவள் பருப்பைக் கடைந்து, பூண்டைத் தட்டிப்போட்டுத் தாளிக்கும்போது, எங்கள் வீட்டுச் சுவர் வாயூறி ஈரமாகிவிடும். பெயிண்டே உதிர்ந்திருக்கிறது.

அவளுக்கு ஒரே ஒரு வைராக்கியம். பிள்ளைகள் வெளியே எதையும் வாயில் வைக்கக் கூடாது. மூத்தவள் ரஃபியா பள்ளிக்கூடம் போகிறவள். சின்னவன் ஃபயாஸ், அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தான். ஒரு நாள் யாரோ அவன் கையில் பொரி உருண்டை கொடுத்துவிட்டார்கள். நர்கீஸ் பிடுங்கி எறிந்த வேகத்தில் அது மலைக்கோட்டை உச்சியில் போய் விழுந்தது. நான் தேடிப் போகவில்லை, வயதாகிவிட்டது.

ஃபயாஸுக்கு உலகத்தில் பருப்புச் சோறு ஒன்றுதான் தெரியும். கிண்ணத்தில் நெய் விட்டுப் பிசையும் சத்தம் கேட்டாலே எங்கிருந்தாலும் தவழ்ந்து வந்து, அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்துவிடுவான். குருவிக்குஞ்சுகூட அவ்வளவு அகலம் திறக்காது. இடுப்பில் தூக்கினால் எலும்பு நொறுங்கும், அப்படி ஒரு கனம்.

சித்திரை கழிந்த சமயம் முதலில் பால் திரிந்தது. காய்ச்சியதும் கொசகொசவென்று பிரிந்துகொண்டது. பால்காரனைத் திட்டினாள். அவன் என்ன செய்வான், எங்கள் வீட்டுக்கும் அவன்தான் ஊற்றினான். எங்கள் பாலும் அந்தத் தண்ணீரைத் தொட்டதும் திரிந்தது. ஆரோக்கியம்மாள் குடத்தை வேறு பக்கம் திருப்பினாள். கோயில் பக்கத்து அடிகுழாய்க்கு வெயிலில் அவ்வளவு தூரம் நடந்தாள். மற்ற வீட்டுப் பெண்களும் அப்படித்தான் ஒவ்வொருத்தியாக நழுவினார்கள். பிரியாணி மாஸ்டர்களின் டிரம் வருவதும் நின்றுவிட்டது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்ல முடியாது. சந்தில் பாதிப் பேருக்குத் தோல் ஷாப்பில்தான் வேலை. தோல் பதனிடுகிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மீரான் அங்கே மேஸ்திரி.

பிறகு கீரை. முருங்கைக்கீரையை அலசி அடுப்பில் வைத்தால் பச்சை போய்ச் செங்கல் நிறமாகிறது. சோறு மஞ்சளாக வடிகிறது. பானையின் உள்பக்கம் வெள்ளையடித்த மாதிரி ஒரு படலம் ஏறிக்கொண்டே வந்தது. நர்கீஸ் கத்தியால் சுரண்டினாள். இரண்டு நாளில் மறுபடி ஏறிக்கொண்டது. அந்தச் சுரண்டலைச் சேர்த்து வைத்திருந்தால் பள்ளிவாசல் மினாராவுக்கு இரண்டு பூச்சு அடித்திருக்கலாம்.

ஒரு நாள் பருப்பு வேகவில்லை.

முதல் நாள் யாருக்கும் பயமில்லை. பருப்பு பழசு என்றார்கள். மளிகைக்கடை கிதர் முகம்மது சத்தியம் செய்து வேறு மூட்டையைப் பிரித்துக் கொடுத்தார். அதுவும் வேகவில்லை. ராத்திரியே ஊறப்போடச் சொன்னாள் ஒருத்தி. ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடச் சொன்னாள் இன்னொருத்தி. கொட்டாங்கச்சித் துண்டு போட்டுப் பார்த்தார்கள், அரிவாள்மனைத் துருவலைத் துணியில் கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். குக்கருக்கு வளையம் புதுசாக மாற்றியாயிற்று. அந்தக் குக்கர் போட்ட விசிலுக்குத் திண்டுக்கல் ஸ்டேஷனில் நின்ற வண்டிகளெல்லாம் கிளம்பிவிட்டன. மூடியைத் திறந்தால், தண்ணீர் மட்டும் சுண்டி, அடியில் பருப்பு அப்படியே முழுசாகப் படுத்திருக்கிறது. கரண்டியால் கிளறினால் சலசலவென்று சத்தம். அந்தச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். அதைக் கேட்டால் எனக்குக் குளத்தாங்கரையில் யாரோ சரளைக்கல்லை அள்ளிப் போடுவது மாதிரி இருக்கும், சிரிப்பு வராது.

கிணற்றில் நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கலங்கியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்திருக்கும். அது எப்போதும் இல்லாத தெளிவாக இருந்தது. அடியில் கிடந்த பழைய வாளியின் ஓட்டைகூடத் தெரிந்தது. தவளை ஒன்றும் இல்லை. கிணற்றடி முருங்கை, பூவும் பிஞ்சுமாக நின்ற மரம், இலையை உதிர்த்துவிட்டு எலும்பாக நின்றது. காக்கைகள் துவைகல்லுப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டுக் குடிக்காமல் போயின.

ஃபயாஸுக்கு வயிறு ஓட ஆரம்பித்தது. வாயைச் சுற்றிப் புண். நடந்த பிள்ளை மறுபடி உட்கார்ந்துவிட்டான். நர்கீஸ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் நல்ல மனிதர். கடைத் தின்பண்டம் எதுவும் ஆகாது, தண்ணீரை நன்றாகக் காய்ச்ச வேண்டும், பருப்புத் தண்ணீரும் கஞ்சியும் வீட்டுச் சாப்பாடுமாகக் கொடுத்துத் தேற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்றையிலிருந்து அவள் அடுப்பை விட்டு நகரவில்லை. கிணற்றுத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சினாள். வேகாத பருப்பை அம்மியில் அரைத்து, வடிகட்டி, அதில் கஞ்சி வைத்தாள். கேரட்டை மசித்தாள், முட்டையை அவித்தாள், வேளை தவறாமல் ஊட்டினாள். ஊட்ட ஊட்டப் பிள்ளை வற்றினான். பக்கத்து வீட்டில் காலையில் பன்னும் டீயும் மத்தியானம் ஹோட்டல் பரோட்டாவுமாக வளர்ந்த பிள்ளைகள் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அதைவிட விநோதம் ரஃபியா. அவள் மட்டும் கன்னம் மினுமினுக்கத் திரிந்தாள். அம்மா தூக்குவாளியில் கொடுத்தனுப்புவதைப் பள்ளிக்கூடத்துப் பின்சுவருக்கு வெளியே கவிழ்த்துவிட்டு, சத்துணவில் தட்டை நீட்டியிருக்கிறாள் கள்ளி. அது நர்கீஸுக்குத் தெரியவந்த அன்று அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையை இறக்காமல் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாயில் கிடந்த மகனைப் பார்த்தாள்.

மறுநாள் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சின்னப் பை. ஃபயாஸைத் தோளில் போட்டிருந்தாள். துண்டு கிடக்கிற மாதிரி கிடந்தான்.

“அண்ணே, அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாரேன். குஜிலியம்பாறைக்கு. அவரு கேட்டா சொல்லுங்க.”

பையில் என்ன என்று கேட்டேன்.

“பருப்பு. இங்க வேகாத பருப்பு. அங்கயும் வேகலன்னா எங் கை சரியில்ல.”

மீரான் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தான். உன் கை சரியில்லை, உன் கவனம் அடுப்பில் இல்லை என்று. மற்ற விஷயங்களில் கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. சுண்ணாம்புத் தொட்டிக்குள் நாள் முழுக்க நின்று, கை கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து வருகிறவன். வந்ததும் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத்தான் தேடுவான். தன் கையில் இருக்கிற புண்ணும் பிள்ளை வாயில் இருக்கிற புண்ணும் ஒரே ஜாடை என்பது மட்டும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்திருந்தது.

அக்கா வீட்டில் பருப்பு முதல் கொதியிலேயே பூத்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். மண்சட்டி, விறகடுப்பு, ஊர்க்கிணற்றுத் தண்ணீர். நர்கீஸ் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாளாம். சாம்பாருக்கு உப்பே போட வேண்டியிருக்கவில்லை என்பது என் கைச்சரக்கு. மாசக் கடைசியில் திரும்பி வரும்போது ஃபயாஸ் இடுப்பில் உட்கார்ந்து வந்தான். கன்னம் திரும்பியிருந்தது. அவளுக்குப் பின்னால் கண்டக்டர் திட்டிக்கொண்டே இரண்டு குடங்களை இறக்கி வைத்தார். வாயில் துணி கட்டிய தண்ணீர்க் குடங்கள்.

அன்றைக்கே இரண்டு சட்டியில் ஒரே பருப்பைப் போட்டு, ஒன்றில் ஊர்த் தண்ணீரும் ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் ஊற்றி வைத்தாள். ஆரோக்கியம்மாளையும் என்னையும் கூப்பிட்டிருந்தாள். மீரான் கதவோரத்தில் சாய்ந்து நின்றான். ஒன்று மலர்ந்தது. ஒன்று சலசலத்தது. அவன் இரண்டையும் பார்த்தான். ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருக்கும், கோடை கழிந்து மழை விழுந்தால் நம்ம தண்ணீரும் சரியாகிவிடும் என்றான்.

“கோடையா?” என்றாள் நர்கீஸ். “நான் கல்யாணமாகி வந்து எத்தன கோட பாத்துட்டேன். போன கோடையில இந்தத் தண்ணியிலதான பிரியாணி வச்சாங்க.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. ஷாப்புக்குப் பின்னாடி கழிவுத்தண்ணிக் குட்ட கெடந்துச்சே. கெட்ட வாட அடிக்குதுன்னு ஆபீசருமாரு வந்து சத்தம் போட்டாங்களே. இப்ப அது காஞ்சு கெடக்குன்னு நீங்கதான சொன்னீங்க. மொதலாளி தோள்ல தட்டுனாருன்னு.”

“ஆமா. சொன்னேன்.”

“அம்புட்டுத் தண்ணியும் எங்க போச்சு?”

மீரான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். “பூமிக்குள்ள போச்சு.”

“எந்த எடத்துல?”

“பின்னாடி ஒரு பாழுங்கெணறு இருக்கு. வறண்டது. அதுல எறக்கியாச்சு. தண்ணிய நெலம் குடிச்சிரும், அதோட முடிஞ்சுது. குட்டையில நின்னு நாறுறதுக்கு அது எம்புட்டோ மேல்.” கடைசியாகச் சொன்னதை என்னைப் பார்த்துச் சொன்னான். “இல்லையா அண்ணே?”

நான் சலசலத்த சட்டியை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தேன்.

இது எங்கள் ஊர் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு. வறண்ட கிணறு என்றால் எங்களுக்கு அடியில்லாத பை மாதிரி. செத்த நாயைப் போடுவார்கள், உடைந்த பீங்கானைப் போடுவார்கள். போட்டது போனது, அதற்கு மேல் கணக்கில்லை. அந்தக் கிணற்றுக்குக் கீழே ஓடுகிற ஊற்றுக்கண்தான் சரிவில் இறங்கி எங்கள் சந்துக் கிணறுகளில் எட்டிப் பார்க்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. நர்கீஸ் யோசித்தாள். இந்தத் தண்ணீரில் இனிமேல் பிள்ளைக்கு ஆக்க மாட்டேன் என்றாள். மீரானுக்குக் கோபம் வந்தது. அத்தா வெட்டிய கிணற்றைப் பழிக்கிறாயா என்றான். தண்ணீரைக் குற்றம் சொன்னால் நாளைக்கு ஷாப்பைப் பூட்டச் சொல்வார்கள், அப்புறம் எதை ஆக்குவாய், எதில் ஆக்குவாய் என்றான். பருப்பு வேகிற தண்ணீர்தான் இது, வேகாது என்று சொல்வது பொய் என்று சத்தம் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

ஊர்க் குடங்கள் தீர்ந்தன. எங்கள் வீட்டுத் தண்ணீரை எடுத்துக்கொள் என்று ஆரோக்கியம்மாள் சொல்லிப் பார்த்தாள். வெளித்தண்ணீர் என் வீட்டுப் படியேறக் கூடாது என்று மீரான் தடுத்துவிட்டான். மறுபடி கிணற்றுத் தண்ணீர்தான். ஃபயாஸுக்கு மறுபடி வயிறு போனது. இந்த முறை அழக்கூட இல்லை. ஈ மொய்த்தால் கையைத் தூக்கி விரட்டவில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போது நான் நடையை எட்டிப்போட ஆரம்பித்தேன். உள்ளே என்ன சத்தம் கேட்குமோ என்று பயம்.

ஒரு காலையில் சத்தமே கேட்கவில்லை. தாளிப்பு வாசம் இல்லை, குக்கர் விசில் இல்லை.

எதிர்வீட்டுக் காதர் பீவிதான் முதலில் எட்டிப் பார்த்தவர். நர்கீஸ் கேஸ் அடுப்பைத் துடைத்து, சட்டி பானைகளை எல்லாம் கழுவி, முற்றத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். அடுப்படிக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டிருந்தாள். கூடத்துப் பாயில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பேகம்பூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மையத்து விழுந்த வீட்டில், அதாவது சாவு வீட்டில், மூன்று நாள் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்துதான் சோறு வரும்.

காதர் பீவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, யாருக்கு மவுத்து என்று கேட்டிருக்கிறார்.

“இன்னும் ஆகல மாமி,” என்றாள் நர்கீஸ். “ஆன பெறகு அணைக்கிற அடுப்ப இப்பவே அணச்சுட்டேன். எப்பிடியும் சோறு குடுப்பீகல்ல. எம் புள்ளைக்குப் பசிக்கிறப்பவே குடுங்க.”

காதர் பீவி வெளியே வந்தார். பிறகு வீட்டுக்குப் போய் அடுப்பில் தேக்சாவை ஏற்றினார். அதைப் பார்த்து அடுத்த வீட்டில் ஏற்றினார்கள். என் வீட்டில் ஆரோக்கியம்மாள் ஏற்கெனவே அடிகுழாய்த் தண்ணீரில் பருப்பு போட்டிருந்தாள். மத்தியானத்துக்குள் நர்கீஸ் வீட்டுக் கூடம் பாத்திரங்களால் நிறைந்துவிட்டது. பருப்புச் சோறு, தால்ச்சா, ரசம், கத்தரிக்காய் வெஞ்சனம், யாரோ ஒருத்தி வெறும் பூண்டுக் கஞ்சி. நூறு பேருக்குக் காணும் என்று நான் சொன்னால் நீங்கள் பாதியாகக் குறைத்துக்கொள்வீர்கள். குறைத்தாலும் ஐம்பது பேருக்குக் காணும். விவரம் தெரியாத ஆண்கள் தொப்பியோடு வந்து வாசலில் நின்றார்கள். ஜனாஸா எப்போது எடுப்பது என்று ஒருவர் தணிந்த குரலில் கேட்டார். யாருக்கும் உட்காரவும் தோன்றவில்லை, போகவும் தோன்றவில்லை. வெயில் தலைக்கு மேல் நின்றது. சாவு இல்லாத வீட்டு வாசலில் அத்தனை பேர் சாவுக்கு நிற்கிற மாதிரி நின்றோம். உள்ளே நர்கீஸ் ஒரு விரலால் பருப்பைத் தொட்டுத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவிக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்து அவன் சப்புக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

தொப்பி போட்டு வந்தவர்களில் ஒருவர் விவரம் கேட்காமலே சைக்கிளைத் திருப்பித் தோல் ஷாப்புக்கு விட்டிருந்தார். மீரான் காதில், உன் வீட்டில் மையத்து, சந்தே கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அவன் ஓடி வந்தான். சைக்கிளில் ஏறக்கூட நிற்கவில்லை. கால் செருப்பில்லை. தொட்டியிலிருந்து அப்படியே ஏறி வந்தவன். அவன் வந்த வழியெல்லாம் தார்ரோட்டில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பாதம் பதிந்திருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. அந்த முகத்தைப் பற்றி மட்டும் கூட்டிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பாயைப் பார்த்தான். பிள்ளை உட்கார வைக்கப்பட்டிருந்தான், மோவாயில் பருப்பு வழிய. மீரான் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான். மூச்சு வந்து நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மூச்சு வந்ததும் கோபம் வந்தது. கவிழ்ந்து கிடந்த பாத்திரங்களை அப்போதுதான் பார்த்தான்.

“எவ வீட்ல மவுத்துன்னு ஊரக் கூட்டி வச்சிருக்க? எம் புள்ள உசுரோட இருக்கையில சாவுச்சோறு வாங்கித் திங்க வச்சிட்டியேடி.”

“உசுரோட இருக்குறப்ப தின்னாத்தான உண்டு,” என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை.

“பருப்பு வேகல, அதான ஒனக்கு? எல்லாரும் இருங்க. போயிராதீங்க. நான் அவிச்சுக் காட்றேன்.”

வேண்டாம் தம்பி, உட்கார் என்றேன். கேட்கவில்லை. கொண்டியைத் தட்டித் திறந்தான். குக்கரை நிமிர்த்தினான். கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினான். உருளை கடகடவென்று சுற்றியது. டப்பாவிலிருந்து பருப்பை அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். பெண்கள் கூடத்திலும் நாங்கள் முற்றத்திலுமாக நின்றோம். விசில் வந்தது. அவன் அசையவில்லை. அடுத்தடுத்து வந்தது. ஒவ்வொரு விசிலுக்கும் யாராவது ஒருவர் திடுக்கிட்டார்கள். குக்கர் இருமத் தொடங்கிய பிறகுதான் அடுப்பை அணைத்தான். ஆவி அடங்குமுன் மூடியைத் திறந்தான்.

கரண்டியை விட்டுக் கிளறினான். சலசலவென்றது.

அவன் திரும்பி யாரையும் பார்க்கவில்லை. ஒரு கரண்டி பருப்பைக் கிண்ணத்தில் எடுத்தான். மாடத்திலிருந்த நெய்யை விட்டான். விரலால் பிசைந்தான். பிசைபடவில்லை, பருப்பு விரலுக்கு அடியில் உருண்டு உருண்டு ஓடியது. இன்னும் அழுத்திப் பிசைந்தான், தொட்டியில் தோலைப் புரட்டுகிறவன் கை அது. அப்போதும் ஓடியது.

நெய் வாசமோ, கிண்ணத்துச் சத்தமோ தெரியவில்லை. பாயிலிருந்த ஃபயாஸ் அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தரையில் இறங்கினான். நடக்க முடியாமல் தவழ்ந்து, அடுப்படி நிலையைத் தாண்டி, அத்தாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்தான். உள்ளே நாக்கெல்லாம் புண்.

நர்கீஸ் எழுந்திருக்கவில்லை. தடுக்கவும் இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீரானின் கை கிண்ணத்திலிருந்து கிளம்பி, பாதி வழியில் நின்றது. பிள்ளை இன்னும் அகலமாகத் திறந்தான். அந்தக் கையை மீரான் திருப்பித் தன் வாய்க்குக் கொண்டுபோனான். மென்றான். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது, கல்லை மெல்லுகிற மாதிரி நறநறவென்று. மென்று மென்று பார்த்து, விழுங்க முடியாமல், உள்ளங்கையில் துப்பினான். துப்பியதை எங்கள் பக்கம் நீட்டிக் காட்டினான்.

“வேகல,” என்றான்.

கூட்டத்தில் வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர், பழசாக இருக்கும் அப்பு, பருப்பில் என்ன இருக்கிறது என்று ஆறுதலாகச் சொன்னார்.

“பருப்பு நல்லாத்தான் இருக்கு மாமு.” பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். சுண்ணாம்புக் கால் தரையில் தடம் வைக்க, கூடத்தைத் தாண்டி எங்களுக்கு நடுவில் வந்து நின்றான். “அவ சொன்னது நெசந்தேன். தண்ணிதான் கெட்டுப் போச்சு. கொழாயத் தூக்கி அந்தப் பாழுங்கெணத்துக்குள்ள எறக்குனது இந்தக் கையிதான்.” எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். “ஒங்க கெணத்துலயும் இனி யாரும் வாளி எறக்காதீக.”